இசை கேள்வி – பதில்: நான்கு சுரங்களும் ஒரு தியானமும்

பௌத்த ஆன்மிகத்தின் தாக்கத்தில் பியானோவுக்கென்று எழுதப்படும் மினிமலிச இசையைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். மிகக் குறைந்த சுரங்களை வைத்துக்கொண்டு, அவற்றையே மெதுவாக மீண்டும் மீண்டும் வாசிக்கும் இசை அது. எதிர்பார்த்ததைவிட அதிகமான கடிதங்கள் வந்துவிட்டதால், இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பாராட்டுகளைவிடக் கோபமான கடிதங்கள் பயனுள்ளவையாக இருந்தன. அவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பௌத்தத் தலைப்பு வைத்த ஒரு பியானோ உருப்படியை என் மகள் எனக்குக் கேட்கக் கொடுத்தாள். மொத்தம் பதினோரு நிமிடம். இடக்கையில் இரண்டு சுரம், வலக்கையில் நான்கு சுரம். அவையே திரும்பத் திரும்ப வந்தன. பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருந்தேன், அதற்குள் முடிந்துவிட்டது. இதில் பௌத்தம் எங்கே இருக்கிறது ஐயா?

பதில்: பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

துன்பம் எப்படித் தோன்றுகிறது என்பதைப் பௌத்தம் பன்னிரண்டு சார்புகளாக விளக்குகிறது. மணிமேகலை அவற்றுக்கு அழகான தமிழ்ப் பெயர்களைத் தந்திருக்கிறது. அந்த வரிசையின் நடுப்பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்: வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. காது ஒரு வாயில். ஒலி அதைத் தொடுவது ஊறு. தொட்டவுடன் இனிது, இனிதல்ல, இரண்டுமல்ல என்று உள்ளே தோன்றுவது நுகர்வு. இனிதாக இருந்தால் இன்னும் வேண்டும் என்று எழுவது வேட்கை. அதைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது பற்று. இது இசைக்காகச் சொல்லப்பட்ட விளக்கம் இல்லைதான். ஆனாலும் ஒரு பாட்டு நம்மை எப்படி இழுத்துக்கொண்டு போகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான வருணனையை நான் படித்ததில்லை. நிஷாதத்தில் பாடகர் நிறுத்தினால் மேல் சட்ஜத்துக்கு நம் மனம் தவிக்கிறது. அவர் அதைத் தொட்டதும் நிம்மதி வருகிறது. உடனே அடுத்த தவிப்பை அவர் கிளப்பிவிடுகிறார். உலகத்து இசையில் பெரும்பகுதி இப்படி வேட்கையைத் தூண்டித் தணிக்கும் கலைதான், அதில் தவறு ஒன்றும் இல்லை.

உங்கள் மகள் கொடுத்த உருப்படி, நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே கதவைச் சாத்த முயல்கிறது. இத்தகைய இசையை எழுதுகிறவர்கள் பலரும், நம் மோகனத்தைப் போல அரைச்சுர இடைவெளியே இல்லாத ஐந்து சுரங்களை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அரைச்சுர இடைவெளி இருந்தால் ஒரு சுரம் இன்னொன்றின் மேல் சாயும். அது இல்லாதபோது எந்தச் சுரத்திலும் நின்றுகொள்ளலாம், எங்கே நின்றாலும் குறையாகத் தெரியாது. அந்த உருப்படியின் நான்கு சுரங்களும் முதல் தடவை வரும்போது மெட்டாகக் கேட்கின்றன. மூன்றாம் தடவை அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடுகிறது. பத்தாம் தடவை சலிப்பு வருகிறது. நீங்கள் அநேகமாக அந்த இடத்தில்தான் கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதையும் தாண்டி உட்கார்ந்திருந்தால், மெட்டு என்ற ஒன்றே மறைந்துபோய், ஒவ்வொரு சுரமும் எழுவதும் தேய்வதும் மட்டும் காதில் விழத் தொடங்கும். இரண்டு நிமிடம் கேட்டுச் சலித்தால் நான்கு நிமிடம் கேள், அப்போதும் சலித்தால் எட்டு நிமிடம் கேள் என்று ஜென் மரபில் சொல்வார்கள் என அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் எழுதியிருக்கிறார்.

இந்த வகையில் வெளிவரும் எல்லாமே இதைச் சாதிக்கின்றன என்று சொல்லமாட்டேன். தலைப்பில் தாமரையும் அட்டையில் புத்தர் சிலையும் இருந்துவிட்டால் உள்ளே பௌத்தம் வந்துவிடாது. பல உருப்படிகள், திரைப்படத்தின் சோகக் காட்சிக்கு எழுதிய மெட்டின் வேகத்தைக் குறைத்து வாசித்தவை போல இருக்கின்றன. அவை வேட்கையைக் குறைப்பதில்லை. மெதுவாக வளர்க்கின்றன, அவ்வளவுதான்.

கேள்வி: தியானத்துக்குப் புல்லாங்குழலோ, மணியோசையோ பொருந்தும். ஐரோப்பிய வரவேற்பறைக்கென்று வளர்ந்த பியானோவை ஏன் பிடித்துக்கொண்டார்கள்?

பதில்: நானும் பல வருடம் இப்படித்தான் நினைத்திருந்தேன். பியானோவின் பெரிய குறை என்று நாம் கருதுவதே அதற்குக் காரணம் என்று பிறகுதான் புரிந்தது.

குழலிலும் வயலினிலும் ஒரு சுரத்தை நீட்டலாம், அசைக்கலாம், நடுவில் பெருக்கலாம். பியானோவில் அது எதுவும் நடக்காது. கட்டையை அழுத்தினால், உள்ளே கம்பளி சுற்றிய ஒரு சுத்தி தந்தியை நோக்கி எறியப்படுகிறது. எறியப்படுகிறது என்ற சொல்லைக் கவனியுங்கள்: தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்திக்கும் விரலுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும்படிதான் அந்தப் பொறி அமைக்கப்பட்டிருக்கிறது. கட்டை கீழே போகும் தூரம் ஏறக்குறைய பத்து மில்லிமீட்டர். அதன் கடைசிப் பகுதியில் விரலுக்கு ஒரு சிறு தடை தட்டுப்படும், அதைக் கடந்தபின் எவ்வளவு அழுத்தினாலும் ஒலியில் மாற்றம் இராது. வாசிப்பவருக்கு மிச்சம் இருப்பது இரண்டே வேலைகள்: தேய்ந்துபோகும் ஒலியைக் கேட்டுக்கொண்டிருப்பது, எப்போது விடுவது என்று முடிவு செய்வது. எதுவும் நிலைப்பதில்லை என்ற அநித்தியத்தைப் பற்றி ஓர் இசைக்கருவியில் பாடம் நடத்த வேண்டுமானால் இதைவிடத் தோதான கருவி கிடைக்காது.

அந்தத் தேய்மானமும் ஒரே சீராக நிகழ்வதில்லை. 88 கட்டைகளுக்குச் சுமார் 230 தந்திகள் இருக்கின்றன. நடு ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று தந்திகள். தட்டிய கணத்தில் மூன்றும் ஒன்றாக அசைந்து, தாங்கள் தங்கியிருக்கும் மரப்பாலத்தை ஓங்கித் தள்ளுவதால் ஆற்றல் வேகமாகச் செலவாகிறது. அவற்றின் சுருதியில் மயிரிழை வேறுபாடு இருப்பதால் சற்று நேரத்தில் அவை ஒன்றுக்கொன்று எதிராக அசையத் தொடங்குகின்றன. பாலத்தின் மீதான தள்ளல் குறைகிறது. எஞ்சிய ஆற்றல் மெல்ல மெல்லக் கசிகிறது. இயற்பியலாளர் கேப்ரியல் வைன்ரைக் 1977-இல் இதை விளக்கினார். ஆகவே ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு விரைந்த முன்பகுதியும் நீண்ட பின்பகுதியும் உண்டு. வேகமாக வாசிக்கும் இசையில் பின்பகுதி யார் காதிலும் விழுவதில்லை, அதற்குள் அடுத்த சுரம் வந்துவிடும். மெதுவான இந்த இசை அந்தப் பின்பகுதிக்காகவே எழுதப்படுகிறது.

பக்கத்தில் ஒரு நல்ல பியானோ இருந்தால் இதைச் செய்து பாருங்கள். நடு ஸ்தாயி சட்ஜத்துக்கு (பியானோவின் நடு C கட்டை) ஒரு ஸ்தாயி கீழே உள்ள சட்ஜக் கட்டையை, ஒலி எழாதபடி மிக மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது நடு சட்ஜத்தைச் சட்டென்று தட்டி உடனே விட்டுவிடுங்கள். தட்டிய தந்தி அடங்கிவிடும். ஆனால் அதே சுரம் எங்கிருந்தோ மெலிதாக ஒலித்துக்கொண்டிருக்கும். நீங்கள் தட்டாத கீழ்த் தந்தி, தன் பாதி நீளத்தில் அசைந்து பாடுகிறது. ஒன்றைச் சார்ந்து இன்னொன்று தோன்றுவது என்பதைப் பத்து விநாடியில் காது கேட்டுவிடும்.

கேள்வி: புத்தர் இசையையே விலக்கியவர். எட்டுச் சீலங்களில் ஆடல், பாடல், இசை ஆகியவற்றைத் தவிர்ப்பதும் ஒன்று. அப்படியிருக்க "பௌத்த இசை" என்பதே முரண் அல்லவா?

பதில்: சீலத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. துறவிகளும், நோன்பு நாள்களில் இல்லறத்தாரும் ஏற்கும் கட்டுப்பாடு அது. அறவுரையை நீட்டி இழுத்துப் பாடுவதால் வரும் ஐந்து கேடுகளையும், புத்தரின் உரைத்தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயம் பட்டியலிடுகிறது. அவற்றுள் முதலாவது, பாடுகிறவன் தன் குரலின் மேலேயே மயங்கிப்போவது. இசைக்காரர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள்.

ஆனால் அதே நூல்களில் வீணைக்கு வேறு இடங்களும் உண்டு. கால்கள் புண்ணாகும் வரை நடந்து நடந்து தியானம் செய்து சோர்ந்துபோன சோணர் என்ற துறவி, இல்லறத்தில் இருந்தபோது வீணை வாசித்தவர். தந்தியை மிகவும் முறுக்கினாலும், மிகவும் தளர்த்தினாலும் நாதம் வந்ததா என்று கேட்டு அவரை நடுவழிக்குத் திருப்புகிறார் புத்தர். பஞ்சசிகன் என்ற கந்தர்வன் யாழிசைத்துப் பாடியபோது, தந்தியின் ஒலியும் குரலும் ஒன்றையொன்று மீறாமல் இசைந்திருந்ததைப் பாராட்டியும் இருக்கிறார்.

இவை இரண்டையும்விட எனக்கு நெருக்கமானது சம்யுத்த நிகாயத்தில் வரும் வீணை உவமை. வீணையொலியை முதன்முதலாகக் கேட்டு மயங்கிய ஓர் அரசன், அந்த ஒலியைக் கொண்டுவரச் சொல்கிறான். வீணையைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். "வீணை வேண்டாம், ஒலியைக் கொடுங்கள்" என்கிறான். குடம், தோல், தண்டு, தந்திகள், வாசிப்பவரின் முயற்சி என்று பலவும் கூடினால்தான் ஒலி என்று அவர்கள் விளக்க, அவன் வீணையைப் பத்தாக, நூறாகப் பிளந்து, சிராய்களை எரித்து, சாம்பலைக் காற்றில் தூற்றிவிட்டு, இது ஒன்றுக்கும் உதவாத பொருள் என்று முடிவுகட்டுகிறான். ஒலி எங்கும் ஒளிந்திருக்கவில்லை என்பது கதையின் கருத்து. "நான்" என்பதையும் இப்படித் தேடிப் பார்க்கச் சொல்கிறது அந்தச் சூத்திரம். நான்கு சுரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது "அந்த மெட்டு" கரைந்துபோவதாகச் சொன்னேனே, அதுவும் ஏறக்குறைய இதே அனுபவம்.

ஆகவே முரண் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. விரதத்தில் இருக்கும் துறவிக்கு இந்த இசையும் விலக்குக்கு உரியதுதான்.

கேள்வி: இதைக் கேட்டால் எனக்குத் தூக்கம் வருகிறது. தவறா?

பதில்: தவறில்லை. தியானம் செய்ததாக மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். பௌத்தத்தில் சோம்பலும் உறக்கமும் ஐந்து தடைகளில் ஒன்று.

கேள்வி: இந்த மரபை யார் தொடங்கினார்கள்? ஜப்பானியர்களா, அமெரிக்கர்களா?

பதில்: ஒருவரைச் சுட்டுவது கடினம். பின்னால் தேடிப்போனால் பாரிஸில் இசையமைப்பாளர் எரிக் சதி நிற்கிறார். அவருக்குப் பௌத்தத்தோடு தொடர்பு கிடையாது. ஆனால் 1888-இல் அவர் எழுதிய ‘ஜிம்னோபெடி’ என்ற மூன்று உருப்படிகளில், எங்கும் போகாத இசை ஒன்று பியானோவுக்குக் கிடைத்தது. 1893 வாக்கில் ஒற்றைப் பக்கத்தில் எழுதிய ‘வெக்ஸேஷன்ஸ்’ என்ற உருப்படியின் தலையில், இதை 840 தடவை வாசிக்க நினைப்பவர் முன்கூட்டியே ஆழ்ந்த மௌனத்தில், அசையாமல் இருந்து தம்மைத் தயார்செய்துகொள்வது நல்லது என்று ஒரு குறிப்பும் எழுதிவைத்தார். விளையாட்டா வினையா என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. 1963 செப்டம்பரில் ஜான் கேஜ் நியூயார்க்கில் பியானோக்காரர்களை முறைவைத்து உட்காரவைத்து 840 தடவையும் வாசிக்கச் செய்தார்; பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

கேஜின் வழியில் நமக்கு நெருங்கிய ஒருவர் வருகிறார். 1946 முதல் 1948 வரை கேஜ் எழுதிய ‘சொனாட்டாக்களும் இடையிசைகளும்’ என்ற தொகுப்பில் பதினாறு சொனாட்டாக்கள், நான்கு இடையிசைகள். 45 சுரங்களின் தந்திகளுக்கிடையே திருகாணி, மறை, ரப்பர்த் துண்டு முதலியவற்றைச் செருகி, பியானோவை ஒரு தாளவாத்தியக் கூட்டமாகவே மாற்றியிருந்தார். அந்த இசையின் நோக்கம், நவரசங்களையும் அவை அனைத்தும் சாந்தத்தை நோக்கிச் சாய்வதையும் ஒலியில் காட்டுவது. ரசக் கொள்கையை அவர் அறிந்தது கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் எழுத்து வழியாக. 1877-இல் கொழும்பில் பிறந்த குமாரசுவாமியின் தந்தை முத்து குமாரசுவாமி, சுத்த நிபாதம் என்ற பாலி பௌத்த நூலின் ஒரு பகுதியை 1874-இலேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த தமிழர். நியூயார்க் பியானோவுக்குள் செருகிய திருகாணிக்கும் ஈழத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கும் இப்படி ஓர் இழை ஓடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

அதன்பின் 1950களின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய அறிஞர் டி. டி. சுசுகி நடத்திய ஜென் வகுப்புகளில் கேஜ் போய் உட்கார்ந்தார். அடுத்த தலைமுறையில் அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் திபெத்திய பௌத்தத்தின் பக்கம் சென்றார். பாரிஸில் ரவிசங்கருக்கு இசைக்குறிப்பு எழுதும் உதவியாளராக இருந்து, தாளத்தை அடுக்கிக் கட்டும் முறையைக் கற்றவர் அவர்.

கேள்வி: பிலிப் கிளாஸின் ‘மேட் ரஷ்’ தலாய் லாமாவுக்காக எழுதப்பட்டது என்கிறார்கள். தலைப்போ வெறித்தனமான ஓட்டம் என்று பொருள்படுகிறது. இது எப்படி?

பதில்: தலைப்பு பிறகு வந்தது. 1979-இல் தலாய் லாமா நியூயார்க்குக்கு வந்து, செயின்ட் ஜான் த டிவைன் பேராலயத்தில் உரையாற்ற இருந்தார். அவர் எந்த நேரத்தில் உள்ளே வருவார் என்று உறுதியாகத் தெரியாததால், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீட்டக்கூடிய இசை தேவைப்பட்டது. ஆர்கனில் வாசிப்பதற்காக கிளாஸ் இதை எழுதினார். நடன அமைப்பாளர் லூசிண்டா சைல்ட்ஸ் பின்னர் இதற்கு நடனம் அமைத்தபோதுதான் இன்றைய பெயர் ஒட்டிக்கொண்டது.

பியானோவில் கேட்கும்போது இதன் தொடக்கத்தைக் கவனியுங்கள். ஒரு கை இரண்டிரண்டாகவும் மற்றொரு கை மூன்று மூன்றாகவும் எண்ணுகின்றன. இரண்டுக்கு மூன்று என்ற இந்தக் கணக்கில் கைகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் சேராமலும் தொட்டில் ஆடுவது போல ஆடும். திடீரென்று சுரங்கள் அருவியாகக் கொட்டும். பிறகு ஒன்றும் நடக்காதது போல மீண்டும் தொட்டில். திபெத்திய மரபில் உள்ள சாந்த மூர்த்திகள், உக்கிர மூர்த்திகள் ஆகியோரின் விளையாட்டாக இதைப் பார்க்கலாம் என்று கிளாஸ் குறிப்பிட்டிருக்கிறார். தியான இசை என்றால் முழுக்க முழுக்கச் சன்னமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள், அந்தக் கொட்டும் பகுதியை ஒருமுறை நல்ல ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும்.

கேள்வி: ஒன்றுமே வாசிக்காமல் பியானோ முன் உட்கார்ந்திருப்பதையும் இசை என்கிறார்களே, அது ஏமாற்று இல்லையா?

பதில்: கேஜின் ‘4 நிமிடம் 33 விநாடி’யைச் சொல்கிறீர்கள். 1952 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, வுட்ஸ்டாக்கில், பின்பக்கம் காட்டை நோக்கித் திறந்திருந்த ஓர் அரங்கில் பியானோக் கலைஞர் டேவிட் டியூடர் பியானோ முன் அமர்ந்தார். கட்டைகளின் மேல்மூடியைச் சாத்தினால் ஒரு பகுதி தொடங்கிவிட்டது, திறந்தால் அது முடிந்தது. இப்படி மூன்று பகுதிகள். முதல் பகுதியில் வெளியே காற்று, இரண்டாவதில் கூரையில் மழைத்துளி, மூன்றாவதில் எழுந்து போனவர்களின் முணுமுணுப்பு என்று கேஜ் பின்னால் நினைவுகூர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எதிரொலியே இல்லாத ஓர் அறைக்குள் அவர் போயிருந்தார். முழு மௌனத்தை எதிர்பார்த்து நுழைந்தவர் உயர்ந்த ஒலி ஒன்றையும் தாழ்ந்த ஒலி ஒன்றையும் கேட்டுவிட்டு வெளியே வந்தார். இரண்டும் தம் உடம்பின் ஒலிகள் என்று அவருக்குச் சொல்லப்பட்டது.

ஏமாற்று என்றால் யாரை, எதில் என்று கேட்க வேண்டியிருக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் சீட்டு வாங்கி வந்தவர்களுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். ஒருமுறை செய்ததன் ஆற்றல், ஆயிரம் முறை செய்யும்போது இல்லை என்பதும் என் எண்ணம்.

கேள்வி: நான் பியானோ பயிலும் மாணவி. இத்தகைய உருப்படிகளில் வலப்புற பெடலை மிதித்தே வைத்திருந்தால் எல்லாம் கலங்கிப்போகிறது, எடுத்தால் வறண்டுபோகிறது. என்ன செய்வது?

பதில்: பெடல் என்பது மிதிப்பதும் விடுவதும் மட்டும் கொண்ட விசை இல்லை, அம்மா. அது தந்திகளின் மேலிருந்து அவற்றை அடக்கும் டாம்பர் என்ற கம்பளித் துண்டுகளை எல்லாம் ஒருசேரத் தூக்குகிறது. எவ்வளவு தூக்குகிறீர்கள் என்பது உங்கள் பாதத்தில் இருக்கிறது. முதலில், வாசிக்காமலே பெடலை மட்டும் மெல்ல இறக்கி, எந்த இடத்தில் டாம்பர் தந்தியை விட்டு விலகுகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு பியானோவிலும் அந்த இடம் வேறு. பிறகு கீழ் ஸ்தாயியில் ஒரு சுரத்தை வாசித்து, மேலே நான்கைந்து சுரங்களைச் சேர்த்துக் கலங்கவிடுங்கள். இப்போது பாதத்தை நூலளவு உயர்த்தி உடனே இறக்குங்கள். கனமான கீழ்த் தந்தி எளிதில் அடங்காது. மெல்லிய மேல் தந்திகள் சட்டென்று அடங்கிவிடும். கலக்கம் தெளிந்து, அடியில் உள்ள சுரம் மட்டும் மிஞ்சும். இதைத்தான் அரைப் பெடல் என்கிறோம்.

எப்போது உயர்த்துவது என்பதற்கு ஏட்டில் உள்ள கோட்டை நம்பாதீர்கள். குளிர்ந்த கல் தரையும் திரைச்சீலை நிறைந்த அறையும் ஒன்றல்ல. இன்னொன்று: மிக மெதுவாக, மிக மென்மையாக வாசிக்கும்போது கட்டையை அளவுக்கு மீறித் தயங்கி அழுத்தினால் சுத்தி தந்தியை எட்டாமலே விழுந்துவிடும், சுரம் வராது. அப்படி ஒரு சுரம் காணாமல் போனால் பதறி மறுபடி தட்ட வேண்டாம். அந்த இடம் காலியாகவே போகட்டும். அடுத்ததை அதன் நேரத்தில் வாசியுங்கள்.

கேள்வி: பௌத்தர் அல்லாதவர் எழுதினால் இந்த இசை பொய்யாகிவிடுமா?

பதில்: ஆகாது. எஸ்தோனியாவின் இசையமைப்பாளர் ஆர்வோ பெர்ட் கிறிஸ்துவ மரபில் ஊறியவர். 1976-இல் அவர் எழுதிய ‘ஆலினாவுக்காக’ இரண்டே குரல்கள் கொண்ட சின்னஞ்சிறு பியானோ உருப்படி; தொடக்கத்தில் ஆழத்தில் தட்டிய சுரம் தேய்ந்துகொண்டிருக்க, அதன் மேல் இரண்டு கைகளும் மணிகளைப் போல ஒலித்துச் செல்லும். தியானத்துக்கு அமர்பவர்கள் பலர் அதைக் கேட்கிறார்கள்.

கேள்வி: அண்மைக்காலப் பதிவுகளில் சுரத்தைவிடக் கட்டை உரசும் சத்தமும், பெடல் முனகுவதும், வாசிப்பவரின் மூச்சும் பெரிதாகக் கேட்கின்றன. ஒலிப்பதிவுக் குறையா?

பதில்: பெரும்பாலும் வேண்டுமென்றே செய்வது. நிமிர்ந்து நிற்கும் வகைப் பியானோக்கள் பலவற்றில், அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாமல் பயிற்சி செய்வதற்காக, சுத்திக்கும் தந்திக்கும் இடையே ஒரு கம்பளித் துணியை இறக்கும் வசதி உண்டு. அதை இறக்கினால் சுரம் பஞ்சுக்குள்ளிருந்து வருவது போல மங்கிவிடும். அந்த மெல்லிய ஒலியைப் பிடிக்க மைக்கைச் சுத்திகளுக்கு ஒரு சாண் தூரத்தில் வைக்கிறார்கள். அப்போது பொறியின் எல்லாச் சத்தங்களும் கூடவே ஏறிவிடுகின்றன. முதலில் எனக்கு இது பிடித்திருந்தது, கருவி ஒரு மரப்பொருள் என்பதை மறைக்காததால். இப்போது அந்த முனகலைத் தனியே பதிவுசெய்து பின்னால் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், பெடல் முனகும் இடத்தில் சுரங்களின் கலக்கம் மாறுகிறதா என்று கேளுங்கள். மாறாவிட்டால் அங்கே பாதமே இல்லை.